எழுபத்தெட்டு வயதிலேயே நின்றவர்

அராபா மான்சா யாரையும் நம்பமாட்டார். ஒட்டிய உறையைக்கூட ஒருமுறை சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தபால் பையில் போடுவார். கழிப்பறைக்குப் போகும்போதும் இழுப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொள்வார். கானாவின் கேப் கோஸ்ட் பக்கத்தில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கவியல் துறையில் அவருக்கு முப்பத்தொரு வருட வேலை. பத்தொன்பது வயதில் தரை துடைக்க வந்தவர். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டு எழுத்தர் ஆனவர். அவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிக்காட்டும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

பட்டம் வாங்கியவர்கள் செய்தாக வேண்டிய ஓராண்டு தேசிய சேவைக்கு என்னை அதே துறையில் போட்டார்கள். அராபா ஆன்ட்டி என் பெயரைக் கேட்டார். க்வேகு அஃபுல் என்றேன். "எல்லா வருஷமும் ஒருத்தன் வர்றான், போறான். பேரெல்லாம் ஞாபகம் வச்சுக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து நான் 'சர்வீஸ்'தான். மாணவனாக இருந்த நான்கு வருடமும் அவருக்கு என் பெயர் நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே மறந்தார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

நான் சேர்ந்த மாதம் துணைப்பாடத் திட்டத்தைத் திருத்தும் வேலை தொடங்கியது. திருத்தக் குழுவின் செயலாளர் டாக்டர் எபோ டாட்சி. ஆப்பிரிக்கவியலைத் துணைப்பாடமாக எடுக்கும் எவரும் மூன்றாம் ஆண்டில் ஊர்க்கட்டுரை ஒன்று எழுத வேண்டும். ஏதாவது ஓர் ஊருக்குப் போய், பெரியவர்களைக் கேட்டு, ஒரு வழக்கத்தைப் பற்றி நாற்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் தகவலாளர் பட்டியல் இருக்கும். பெயர், வயது, தொழில், பேசிய தேதி, பேசுவதற்கு முன் கொடுத்த பானம். வெறுங்கையோடு போனால் எங்கள் பக்கத்தில் யாரும் பழங்கதை பேசமாட்டார்கள். கொண்டுபோன சாராயத்தில் முதல் சொட்டை முன்னோர்களுக்குத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் பேச்சு. அதனால் பானத்துக்கும் ஒரு கட்டம் உண்டு.

டாக்டர் டாட்சி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீயும் இந்தத் துணைப்பாடம் எடுத்தவன்தானே? ஊர்க்கட்டுரைல என்ன மார்க்?"

"'ஏ' கிரேடு, டாக்டர்."

"அப்படின்னா நீதான் சரியான ஆள். திருடன் போற வழி திருடனுக்குத்தான் தெரியும்." அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். "இல்லாத ஆளையெல்லாம் தகவலாளர்னு போட்டு ஏமாத்தறாங்கன்னு எனக்குச் சந்தேகம். பழைய கட்டுரைங்களை எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் பாரு. ஒரு பத்துப் பொய்யைக் கண்டுபிடிச்சுக் குடு, போதும். குழு தானாவே அந்தப் பாடத்தைத் தூக்கிடும்."

தூக்கினால் பாடத்திட்டத்தில் மூன்று மணி நேரம் காலியாகும். அதில் அவர் எழுதி வைத்திருக்கும் 'மின்னணு ஆப்பிரிக்கா' என்ற புதிய பாடம் வந்து உட்காரும். துறை முழுக்கத் தெரிந்த விஷயம் இது.

"அடுத்த வருஷம் துணை விரிவுரையாளர் இடம் ஒண்ணு வருது," என்று கதவு வரை வந்து சொன்னார். "உன் அப்பா என்ன செய்றார்னு சொன்னே?"

"கொக்கோத் தோட்டத்துல கூலி."

"ம். யோசிச்சுக்கோ."

யோசிக்க எனக்கு வேறு விஷயம் இருந்தது. என் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான்: எக்யா கோபினா டான்டோ, வயது 78, மீனவர், மொரீ. அவரை நான் பார்த்ததே இல்லை.

நடந்தது இதுதான். என் அப்பா வடக்கிலிருந்து வேலை தேடி வந்தவர். அம்மா வேறு ஊர். நாங்கள் வளர்ந்த தோட்டத்துக் குடிசை வரிசையில் எல்லோருமே வந்தேறிகள். எந்த ஊரின் வழக்கத்தைப் போய்க் கேட்பது? விடுமுறை முழுக்க நான் கட்டட வேலையில் கல் சுமந்தேன், போக நேரமும் இல்லை. இதைக் கேட்ட அராபா ஆன்ட்டி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "உன் கேள்விகளை எழுதிக் குடு. மொரீல எனக்கு ஒரு பெரியவரைத் தெரியும்" என்றார். வெள்ளிக்கிழமை என் கேள்விகளோடு தன் ஊரான மொரீக்குப் போனார். திங்கட்கிழமை பதிலோடு வந்தார். ஐந்து வாரம் அப்படியே நடந்தது. சோம்பல்தான், பொய் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கட்டுரைகள் இருந்த அறையின் சாவி அராபா ஆன்ட்டியிடம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"எதைத் தேடுற?"

"டாக்டர் டாட்சி சும்மா ஒரு கணக்கெடுக்கச் சொன்னாரு, ஆன்ட்டி."

"அந்த ஆள் சும்மா தும்மக்கூட மாட்டான்." நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தார். "நீ பாரு. நான் உன்னைப் பாக்கறேன்."

நானூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்தேன். முதல் நாளே மூன்று இடத்தில் எக்யா கோபினா டான்டோவைப் பார்த்தேன். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன். இரண்டாவது வாரம் முடியும்போது அறுபத்து மூன்று. பதினான்கு வருடக் கட்டுரைகளில் அவர் இருந்தார். படகு கட்டுவது, பூப்பு, இரட்டைப் பிள்ளை, கடன் தீராமல் செத்தவனின் ஈமச்சடங்கு, எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்லியிருந்தார். பதினான்கு வருடமும் அவருக்கு வயது எழுபத்தெட்டு. கட்டுரைகளை வருடாவருடம் வெவ்வேறு ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டு திருத்தியதால் யார் கண்ணிலும் இது படவில்லை.

இன்னொன்று அதைவிட உறுத்தியது. மற்ற கிழவர்களுக்கு எதிரே பானக் கட்டத்தில் ஷ்னாப்ஸ் சாராயம் ஒரு புட்டி, ஜின் அரைப் புட்டி என்று இருக்கும். டான்டோவுக்கு எதிரே அறுபத்து மூன்று இடத்திலும் 'மால்ட்'. மாணவர்களும் கர்ப்பிணிகளும் குடிக்கும் அந்த இனிப்புப் பானத்தைக் கொண்டுபோய் மொரீயின் கிழட்டு மீனவன் முன்னால் வைத்தால், அவர் முன்னோர்களுக்குத் தரையில் எதைச் சாய்ப்பார்? புட்டியை நம் தலையில்தான் சாய்ப்பார். என் கட்டுரையிலும் மால்ட்தான். இரண்டு வருடமாக அது என் கண்ணில் படவில்லையே என்று கூசியது. அராபா ஆன்ட்டி மெதடிஸ்ட் சபைப் பாடகர் குழுவில் இருப்பவர். சாராயத்தைத் தொடமாட்டார். மதியச் சாப்பாட்டோடு அவர் குடிப்பது ஒரு புட்டி மால்ட்.

எல்லாவற்றையும் இவரே மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். என் 'ஏ'யும் ஓர் எழுத்தரின் கற்பனைதான்.

வாசலிலிருந்து குரல் வந்தது. "என்ன சர்வீஸ், ஒரே பக்கத்தை அஞ்சு நிமிஷமா படிக்கற? அவ்வளவு ருசியா?"

"ஒண்ணுமில்ல, ஆன்ட்டி."

"ஒண்ணுமில்லாததுக்கா வேர்க்குது?"

அடுத்த செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மொரீக்கு வேன் ஏறினேன். செவ்வாய்க்கிழமை எங்கள் கரையில் கடலுக்கு ஓய்வு நாள், யாரும் மீன்பிடிக்கப் போவதில்லை. ஆண்கள் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடித்ததும், வந்த காரியம் என்ன என்று கேட்டார்.

"எக்யா கோபினா டான்டோவைப் பாக்கணும்."

வலை தைத்த கைகள் நின்றன.

"நீ வரி ஆபீஸா?"

"இல்லைங்க."

"சர்ச்சா?"

"பல்கலைக்கழகம்."

"அப்போ உனக்கு வழி தெரிஞ்சிருக்கணுமே," என்றான் ஓர் இளைஞன். "நேரா போ. தென்னந்தோப்பைத் தாண்டு. வரிசையா சிலுவை நட்டிருக்கும். அங்க மூணாவது வீடு." எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் தண்ணீர் கொடுத்தவர்தான் என்னை டான்டோவின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். முன்சுவரில் நிறம் போன சாவு அறிவிப்புச் சுவரொட்டி இன்னும் ஒட்டியிருந்தது. படத்தில் வெள்ளைத் துணி போர்த்திய கிழவர். அராபா ஆன்ட்டியின் அதே அகன்ற தாடை. பெயருக்குக் கீழே 'வயது 78'. அதற்குக் கீழே இருந்த வருடத்தைக் கணக்குப் போட்டேன். பதினைந்து வருடம். எங்கள் தகவலாளர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே அவர் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

வீட்டின் பின்பக்கம் மீன் புகை போடும் அடுப்புகள் வரிசையாக எரிந்தன. ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி புகைக்குள்ளிருந்து கண்ணைக் கசக்கியபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் எஃபுவா ஞார்கோவா என்று பிறகு தெரிந்தது.

"அராபாவோட ஆபீஸா நீ? இந்த வாரக் கேள்வி எங்க? அவ ஏன் வரல?"

"எந்தக் கேள்வி, மாமே?" என்றேன், அம்மா என்று அழைக்கும் மரியாதையோடு.

"பாருடி, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறான். வெள்ளிக்கிழமையானா கேள்வியும் மால்ட்டுமா வந்து நிப்பாளே. நாங்க பாதி வேலையை விட்டுட்டுப் பதில் சொல்றோம். போன மாசக் கேள்வியை எவன் எழுதினான்? 'மொரீப் பெண்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?'ன்னு. இப்படிக் கேக்கறவனுக்கா கவர்மென்ட் சாப்பாடு போடுது?"

பக்கத்து அடுப்பில் இருந்தவள் சொன்னாள்: "அவ நோட்டைப் பிரிச்சாள்னா, நாம பேசாம எழுந்திரிக்க விடமாட்டா. ஒருத்தி சொன்னதை இன்னொருத்திகிட்டத் திருப்பிக் கேப்பா. போலீஸ்காரி தோத்தா."

பிறகு ஞார்கோவா முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு குரலில் கேட்டாள். "எங்க பேரெல்லாம் அந்தப் புத்தகங்கள்ல இருக்குதுன்னு சொன்னா. என் பேர் எத்தனை இடத்துல இருக்கு? நீ படிச்சிருப்பியே?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வேனுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அப்போது இன்னும் பத்து மணிகூட ஆகவில்லை.

மறுநாள் மதியம், புளித்த சோளமாவுக் கெங்கே உருண்டையை இலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்த அராபா ஆன்ட்டியின் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நேத்து மொரீக்குப் போனேன்."

கை நின்றது. மறுப்பார், கத்துவார், வேலை போய்விடும் என்று அழுவார் என்று நினைத்திருந்தேன்.

"அவளுங்ககிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"பேர் இருக்கான்னு கேட்டாளுங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"வேனுக்கு நேரமாச்சுன்னு சொன்னேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யார் அனுப்பினது? டாட்சியா?"

"நானே போனேன். ஆன்ட்டி, என் கட்டுரைல இருக்கறது நிஜமா, பொய்யா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் கெங்கேயை மூடி வைத்தார். பதினைந்து வருடத்துக்கு முன்பு ஒரு மாணவனின் கட்டுரையைத் தட்டச்சு செய்தாராம். மொரீயில் பிள்ளைக்குப் பெயரிடும் நாளில் தாய் கறுப்பு உடுத்துவாள் என்று அவன் எழுதியிருந்தான். "கறுப்பு! பொறந்த வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத கழுதை. விடுதிக் கட்டில்ல படுத்துக்கிட்டே எழுதியிருக்கான். அதுக்கு 'ஏ' போட்டாங்க. என் கையால அடிச்சேன் அந்தப் பொய்யை." அடுத்த வருடத்திலிருந்து போக முடியாத மாணவர்களின் கேள்விகளை அவரே ஊருக்குக் கொண்டுபோனார். முதல் கட்டுரையில் அடுப்படிப் பெண்கள் நான்கு பேரின் உண்மைப் பெயர்களைத்தான் போட்டார். ஆசிரியர் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்: 'தகவலாளர்கள் தகுதியற்றவர்கள். குடும்பத் தலைவர் அல்லது அறுபது வயதுக்கு மேற்பட்ட முதியவரைக் கேட்கவும்.' அதை எழுதிய மாணவி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அன்று மாலை அராபா ஆன்ட்டி கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றி அடித்தார். நான்கு பெண்கள் போய், அவரது செத்துப்போன தாய்மாமன் டான்டோ வந்தார். கட்டுரை தேறியது.

"பானத்தை மட்டும் மாத்தல," என்றேன்.

"குடிச்சது மால்ட்டு. குடிக்காததை எப்படி எழுதறது?" என்றார் கோபமாக.

இழுப்பறையைத் திறந்தார். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டுகள் பதினான்கு. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் பெயரும் தேதியும்.

"இதைக் குடுங்க, ஆன்ட்டி. குழுகிட்டக் காட்டினா..."

"காட்டினா? நீ படிச்ச பயல். நாளைக்கு இதை உன் பேர்ல புத்தகமா போட்டு டாக்டராவ. நான் செத்துப்போன தாய்மாமன் பேரைப் போட்டேன். நீ உயிரோட இருக்கற உன் பேரையே போடுவ. ரெண்டுல எது பெரிய திருட்டு?"

அந்த எண்ணம் நோட்டுகளைப் பார்த்த அந்த நிமிடமே எனக்குள் வந்திருந்தது. அதை அவர் என் முகத்தில் படித்துவிட்டார்.

என் கேள்விகள் இருந்த நோட்டிலிருந்து இரண்டு தாளை மட்டும் கிழித்து நீட்டினார். "உன்னோடது. உன்னைக் காப்பாத்திக்கோ. மத்ததைக் கேக்காத."

அன்று அறைக்குத் திரும்பி என் அறிக்கையின் முன் உட்கார்ந்தேன். டாக்டர் டாட்சிக்கு வேண்டியது பத்துப் பொய். என்னிடம் அறுபத்து மூன்று இருந்தது. என் கட்டுரையை விட்டுவிட்டு அறுபத்திரண்டு என்று எழுதலாம். இடம் கிடைக்கும். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். பாடம் போகும், ஆன்ட்டியும் போவார். இந்த இரண்டு தாளைச் சேர்த்தால் என் கட்டுரை மட்டும் தப்பும். அதுவும் ஒரு வழி. சேர்க்காமல் மொத்தத்தையும் மறைத்தால்? இன்னொருவன் தேடி எடுப்பான். வெகு நேரம் யோசித்ததில் ஒன்று மட்டும் தெளிவானது: எந்த வழியில் போனாலும் ஞார்கோவாவின் கேள்விக்குப் பதில் இல்லை. டான்டோ செத்துப் பதினைந்து வருடம் என்று மேலே எழுதினேன். பட்டியலின் முதல் எண்ணில் என் கட்டுரையை எழுதினேன். எதிரே அந்த இரண்டு தாளில் இருந்த ஐந்து பெண்களின் பெயர்களையும் எழுதினேன். மீதி அறுபத்திரண்டுக்கு எதிரே 'உண்மைத் தகவலாளர்கள் உண்டு, பதிவு உள்ளது' என்று எழுதினேன்.

குழுக் கூட்டம் பிரார்த்தனையோடு தொடங்கியது. போன கூட்டத்தின் குறிப்பை முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். பிறகு என் அறிக்கை. டாக்டர் டாட்சி ஒரு பக்கம் புரட்டியதும் நிமிர்ந்தார்.

"உன் பேர் ஏன் இதுல இருக்கு?"

"நானும் அவரைப் பார்த்ததில்லை, டாக்டர்."

"ஆக, ஒரு செத்த ஆள் நம்ம பட்டதாரிங்களை உருவாக்கியிருக்கார்," என்று குழுவைப் பார்த்துச் சொன்னார். "இதுக்கு மேல என்ன பேச்சு? பாடத்தை நீக்கிடலாம்."

தலைவர், பேராசிரியை பென்ட்சில், கண்ணாடியைக் கழற்றினார். "பதிவு உள்ளதுன்னு எழுதியிருக்கே. யார்கிட்ட?"

நான் என் அறிக்கையைப் புரட்டினேன். குறிப்பு எழுத ஓரத்தில் உட்கார்ந்திருந்த அராபா ஆன்ட்டி பேனாவை வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வேண்டுமென்றே இப்படி எழுதி அவரை மாட்டிவிட்டேன் என்று இன்றும் நம்புகிறார். இல்லை என்று என்னாலும் சத்தியம் செய்ய முடியவில்லை. எழுந்து போனார். பதினான்கு நோட்டுகளோடு திரும்பி வந்தார். அவற்றை மேசைமேல் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

"படிக்கலாம். எடுத்துட்டுப் போக முடியாது."

இரண்டு கூட்டம் நீண்டது. முடிவில் ஊர்க்கட்டுரை தப்பியது. குடும்பத் தலைவர், அறுபது வயது என்ற விதியை அடித்தார்கள். மாணவர் நேரில் போக வேண்டும், வேறு யாரும் கேள்வி கொண்டுபோகக் கூடாது என்று புதிதாகச் சேர்த்தார்கள். 'மின்னணு ஆப்பிரிக்கா' விருப்பப்பாடமாக வந்தது. அறுபத்து மூன்று கட்டுரைகளுக்கும் கடைசிப் பக்கத்தைத் திருத்தி அடிக்க வேண்டும். அதை முடித்ததும் அராபா மான்சா வாகனப் பிரிவுக்குப் போக வேண்டும், எச்சரிக்கைக் கடிதத்தோடு. ஒப்புக்கொண்டதால் நான் கட்டுரையை மறுபடி எழுதினால் போதும். அதுவரை என் பட்டச் சான்றிதழ் அவர்களிடம் இருக்கும். துணை விரிவுரையாளர் இடத்தைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அராபா ஆன்ட்டி மொரீக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லமாட்டேன் என்கிறார். இரண்டு நாள் கழித்து ஞார்கோவாவும் இன்னும் மூன்று பேரும் துறைக்கே வந்துவிட்டார்கள். அராபாவின் வாயை இனி நம்ப முடியாதாம். கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

திருத்தி அடித்த பக்கங்களை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஞார்கோவாவின் பெயர் இருபத்திரண்டு இடத்தில் வந்தது. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "பேர் சரி. உள்ள என்ன எழுதியிருக்க? உன்னோடதைப் படி."

என் கட்டுரை, அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்த வீட்டில் புதிதாகப் பிறந்ததற்குக் குப்பை, அடிமை என்று பெயர் வைத்துச் சாவை ஏமாற்றுவது பற்றியது. மூன்றாம் பகுதியை வாசித்தேன். அந்தப் பெயரை வைப்பவள் தகப்பனின் தாய் என்று இருந்தது.

"பொய்," என்றாள் ஞார்கோவா. "வழில போற அந்நியன்தான் வைப்பான். குடும்பத்துல யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

அராபா ஆன்ட்டி முன்பு கிழித்துக் கொடுத்த இரண்டு தாளை என்னிடமிருந்து வாங்கிப் பிரித்தார். "நீதான் சொன்ன. இதோ தேதி. உன் பேர்."

"சொல்லியிருப்பேன். அன்னிக்கு என் மாமியார் பக்கத்துல உக்காந்திருந்தா. அவ செத்து ஆறு மாசம் ஆச்சு. இப்போ கேளு."

"அப்போ இந்தப் பதினாலு வருஷத்துல எத்தனை பதில் மாமியாருக்காகச் சொன்னது?"

"எனக்கென்ன தெரியும்? நீதான் போலீஸ்காரி, நீ கண்டுபிடி!"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். மற்ற மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தி, அந்நியனும் இல்லை, பூசாரிதான் என்றாள். நான் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துத் தேதி போட்டேன். யார் சொல்வதை முதலில் எழுதுவது என்று தெரியாமல், "மாமே, இப்போ உங்க பக்கத்துல யார் உக்காந்திருக்காங்கன்னும் சேர்த்து எழுதவா?" என்று கேட்டேன்.

"எழுது," என்றார் அராபா ஆன்ட்டி, ஞார்கோவாவைப் பார்த்தபடியே. "நான் உக்காந்திருந்தேன்னு எழுது."